தோளில் இருந்த சின்னம்: எந்தப் படை, எந்தக் காலம்?

பழைய றங்குப் பெட்டிக்குள் இருந்தோ, வளவு துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் இருந்தோ, உள்ளங்கை அளவான ஒரு துணித்துண்டு வெளிப்படுகிறது. அதில் ஒரு கழுகு, அல்லது ஒரு வாள், அல்லது வெறும் இலக்கம் ஒன்று நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. யாரோ ஒரு படையினரின் தோளில் இருந்தது என்பது மட்டும் விளங்குகிறது. அது எந்த நாட்டுப் படை, அதில் எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்பதெல்லாம் விளங்குவதில்லை.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவது ஒரு பொழுதுபோக்கு. படைச் சின்னங்களைச் சேகரிப்பவர்கள் அங்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அரிதான சின்னத்துக்கு நல்ல விலையும் உண்டு. விலை இருக்கும் இடத்தில் போலியும் இருக்கும் என்பதால், துணியையும் நூலையும் வைத்து ஒரு சின்னத்தின் காலத்தைக் கணிக்கும் அறிவு அவர்களிடையே மிக நுணுக்கமாக வளர்ந்திருக்கிறது. எங்களுக்கு அந்த அறிவு வேறு காரணத்துக்காகத் தேவைப்படுகிறது.

போர்க்காலத்தில் சீருடையுடன் படலையைத் திறந்து வந்தவரை 'ஆமி' என்ற ஒரே சொல்லால் குறித்தோம். 1987இற்குப் பிறகு 'இந்தியன் ஆமி' என்ற இன்னொரு சொல் சேர்ந்தது. எந்தப் படைப்பிரிவு, எந்தப் படையணி என்று பார்க்கக்கூடிய அளவுக்கு அருகில் நின்றவர்கள் பெரும்பாலும் அதைக் கவனித்து நினைவில் வைக்கும் நிலையில் இருக்கவில்லை. ஆனால், நீதிமன்றம் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். 2009 மே மாதம் வட்டுவாகல் பகுதியில் படையினரிடம் சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டவர்கள் தொடர்பான ஆட்கொணர்வு மனுக்கள் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில் விசாரிக்கப்பட்டபோது, சாட்சிக் கூண்டில் ஏறியது 'இராணுவம்' என்ற பொதுப்பெயர் அல்ல. 58ஆவது படைப்பிரிவின் அதிகாரியே அழைக்கப்பட்டார். சரணடைந்தவர்களின் பட்டியல் குறித்து அவரிடமே கேட்கப்பட்டது. ஆட்களைப் பொறுப்பேற்றது எந்தப் பிரிவு என்பது தெரியாவிட்டால் யாரை அழைப்பது என்பதும் தெரியாது. தோளில் இருக்கும் அந்தச் சிறு துணியின் முக்கியத்துவம் அங்குதான் இருக்கிறது.

சின்னம் ஏன் வந்தது

தோளில் துணிச் சின்னம் தைக்கும் வழக்கம் முதலாம் உலகப் போரில் பரவியது. கனேடியப் படைகள் 1916இல் நிறத்துண்டுகளைத் தைத்துக்கொண்டன. முதலாவது படைப்பிரிவுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்குக் கடும் நீலம், நான்காவதுக்குப் பச்சை. புகைக்குள்ளும் சேற்றுக்குள்ளும் தன் ஆள் யார் என்று அறிவதே நோக்கம். அமெரிக்கப் படையில் இதைத் தொடக்கியது 81ஆவது படைப்பிரிவு. 1918இல் அவர்கள் ஒரு காட்டுப்பூனையைத் தோளில் வைத்துக்கொண்டார்கள். மற்றப் பிரிவுகள் முறையிட்டன. கடைசியில் எல்லோரும் ஆளுக்கொரு சின்னத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்தது.

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் இதற்கு இன்னொரு நோக்கத்தையும் சேர்த்தார்கள். தன் ஆளுக்குத் தெரியவேண்டும், எதிரியின் உளவாளிக்குத் தெரியக்கூடாது. அதனால் பெயரையும் இலக்கத்தையும் தவிர்த்து, படங்களை வைத்தார்கள். இதனால் அந்தக் காலத்துப் பிரித்தானிய, இந்தியச் சின்னங்களைப் பார்த்தவுடன் எதுவும் புரியாது. புரியக்கூடாது என்பதற்காகவே அவை அப்படி அமைக்கப்பட்டன.

இவற்றுள் சில எங்கள் தீவுடன் நேரடித் தொடர்பு உள்ளவை. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்கு, பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு இடம்மாறியது. அதன் சின்னம் தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ் பறவை. பர்மாவுக்குப் போகுமுன் 11ஆவது கிழக்காபிரிக்கப் படைப்பிரிவு இலங்கையில் பயிற்சி பெற்றது. அதன் சின்னம் காண்டாமிருகத்தின் தலை. பலாலி விமானத்தளமும் அந்தப் போரின்போதுதான் அமைக்கப்பட்டது. எனவே எண்பது ஆண்டுகள் பழைமையான ஒரு துணிச் சின்னம் யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ ஒரு பெட்டிக்குள் இருப்பது அதிசயம் அல்ல.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. புலியின் படம் இருந்தால் அது இயக்கத்தினுடையது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பர்மாவின் அரக்கான் கரையில் போரிட்ட 26ஆவது இந்தியப் படைப்பிரிவின் சின்னமே ஒரு முக்கோணத்திலிருந்து வெளியே வரும் வங்கப் புலிதான். முக்கோணம் கங்கைக் கழிமுகத்தைக் குறிக்கிறது. சிங்கத்தின் கதையும் இதுபோன்றதே. பர்மாவில் எதிரியின் பின்புறத்தில் இறங்கிப் போரிட்ட 'சிண்டிட்' படையினரின் தோளில் இருந்தது பர்மியக் கோயில் வாசல்களில் காவல் நிற்கும் சிந்தே என்ற சிங்க உருவம். அதற்கும் வாளேந்திய இலங்கைச் சிங்கத்துக்கும் தொடர்பில்லை.

படம் வயதைச் சொல்லாது

இந்திய இராணுவத்தின் 4ஆவது படைப்பிரிவை எடுத்துக்கொள்வோம். அதன் சின்னம் செங்கழுகு. இரண்டாம் உலகப் போரில் வட ஆபிரிக்கப் பாலைவனத்திலும், 1941இல் எரித்திரியாவின் கெரன் மலையிலும், 1944இல் இத்தாலியின் மொண்டே கசினோவிலும் போரிட்ட பிரிவு அது. அதே பிரிவு அதே பெயருடன் 1980களின் இறுதியில் இந்திய அமைதிப்படையின் ஒரு பகுதியாக வவுனியாவுக்கு வந்தது. 54ஆவது யாழ்ப்பாணத்தில், 36ஆவது திருகோணமலையில், 57ஆவது மட்டக்களப்பில் நிலைகொண்டிருந்தபோது வன்னியின் வாசலில் இருந்தது இந்தச் செங்கழுகுப் பிரிவுதான்.

இப்போது வவுனியாவில் ஒரு வீட்டில் செங்கழுகுச் சின்னம் ஒன்று கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் மூத்தவர் ஒருவர் பிரித்தானியர் காலத்தில் படையில் பணியாற்றிக் கொண்டுவந்ததா, 1988இல் முகாம் இருந்த காணியில் விடப்பட்டதா? கழுகைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. இரண்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது. கழுகு அதே கழுகுதான்.

படத்திலிருந்து அறியக்கூடியது ஒன்று உண்டு. அது எந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பது. ஒரு பிரிவு உருவாவதற்கு முன் அதன் சின்னம் உருவாகியிருக்க முடியாது. இலங்கை இராணுவத்தின் 58ஆவது படைப்பிரிவு 2007இல் மன்னாரில் சண்டையைத் தொடங்கியபோது அதன் பெயர் முதலாவது செயலணி. 58 என்ற இலக்கம் 2008இல்தான் வந்தது. 57ஆவது படைப்பிரிவு 2007இல் உருவாக்கப்பட்டது. ஆகவே 58 என்ற இலக்கமுள்ள ஒரு சின்னத்தை 1990களின் சம்பவம் ஒன்றுடன் யாராவது தொடர்புபடுத்தினால், அந்தத் தொடர்பு நிற்காது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடுவார். சாட்சியத்தில் மற்ற எல்லாம் உண்மையாக இருந்தாலும் அந்த ஒரு பிழை முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

சில பிரிவுகள் சின்னத்தை மாற்றியும் இருக்கின்றன. பர்மாவில் போரிட்ட 17ஆவது இந்தியப் படைப்பிரிவு முதலில் மின்னல் கீற்றை வைத்திருந்தது; பின்னர் கறுப்புப் பூனைக்கு மாறியது. மின்னல் இருந்தால் முற்பகுதி, பூனை இருந்தால் பிற்பகுதி.

நாட்டின் பெயரும் அரசுரிமையின் அடையாளங்களும் இன்னும் எளிதான தடயங்கள். ஆங்கிலத்தில் 'சிலோன்' என்றிருந்தால் அது 1972 மே 22இற்கு முந்தியது. அன்றுதான் நாடு குடியரசாகி 'ஶ்ரீ லங்கா' ஆனது. 'சிலோன் ஆமி' என்றிருந்தால் 1949 ஒக்ரோபருக்குப் பிந்தியது. அதற்கு முன் இருந்தது சிலோன் பாதுகாப்புப் படை. முடி பொறித்த பழைய சின்னமாயின் முடியின் வளைவைப் பாருங்கள். 1901 முதல் 1952 வரை அரசர்கள் காலத்தில் வளைவு மேல்நோக்கி உருண்டிருக்கும். எலிசபெத் அரசியின் காலத்தில் அது நடுவில் பள்ளம் விழுந்ததுபோல் தாழ்ந்திருக்கும். 2022இல் சார்ள்ஸ் மன்னர் மீண்டும் உருண்ட முடியையே தேர்ந்தெடுத்தார். இனிவரும் தலைமுறை ஒரு சின்னத்தைக் கையில் வைத்துக்கொண்டு இது 1940ஆ 2030ஆ என்று குழம்பப்போகிறது. அப்போது அவர்களுக்குக் கைகொடுப்பது நூல்தான்.

திருப்பிப் பாருங்கள்

சேகரிப்பாளர்கள் ஒரு சின்னத்தைக் கையில் எடுத்ததும் முதலில் செய்வது அதைத் திருப்புவது. முன்பக்கம் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் அங்கே தொழிற்சாலையின் பழக்கம் அப்படியே கிடக்கும். தையல் தெரிந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

முதலாம் உலகப் போர்க்காலச் சின்னங்கள் பெரும்பாலும் ஃபெல்ட் எனப்படும் அழுத்திய கம்பளித் துணியில் வெட்டி ஒட்டித் தைத்தவை. கைவேலை தெரியும், ஒன்றைப்போல் மற்றொன்று இராது. இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கச் சின்னங்கள் பருத்தி நூலால் இயந்திரத்தில் பூத்தையல் போடப்பட்டவை. ஓரம் வெட்டப்பட்டிருக்கும்; சுற்றித் தடித்த விளிம்பு இராது. பின்பக்கம் வெள்ளைப் பொபின் நூல் பஞ்சுபோல் படர்ந்திருக்கும். அதே காலத்தில் பிரித்தானியாவில் நூலுக்கும் உழைப்புக்கும் தட்டுப்பாடு. அதனால் அங்கு பெருமளவு சின்னங்கள் பருத்தித் துணியில் அச்சடிக்கப்பட்டன. எனவே அச்சடித்த பிரித்தானியச் சின்னத்தைக் கண்டு 'இது மலிவான போலி' என்று எறிந்துவிடக் கூடாது. அது அசலாக இருப்பதற்கான சாத்தியமே அதிகம். இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்த படைகளுக்குப் பசார் தையற்காரர்கள் கையால் தைத்துக் கொடுத்தார்கள். கோணல் மாணலான பூனைகளும் ஒருபக்கம் சாய்ந்த வாள்களும் அதனால்தான்.

அமெரிக்கச் சின்னங்களில் ஓரம்தான் பெரிய காலக்கோடு. எங்கள் தையற்கடைகளில் 'ஓவர்லொக்' என்று சொல்லும் அந்தத் தடித்த சுற்றுத்தையல் 1960களின் இறுதியில்தான் அமெரிக்கப் படைச் சின்னங்களில் பரவலாகியது. மெரோ என்ற அமெரிக்க இயந்திர நிறுவனத்தின் பெயராலேயே அந்த ஓரத்தை அழைக்கிறார்கள். சுற்று முடியும் இடத்தில் நூல் ஒரு சிறு வாலாக நீளும். அதைப் பின்பக்கம் மடித்து ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் அந்த வால் இருக்கும் ஒரு சின்னத்தை 1944இல் நோர்மண்டியில் இறங்கியவருடையது என்று ஒருவர் விற்றால், விற்பவர் அறியாதவர் அல்லது அறிந்தே சொல்பவர்.

அதற்குப் பிந்திய மாற்றங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். வியட்நாம் போரின் நடுவில், 1960களின் பிற்பாதியில், பளிச்சென்ற நிறங்கள் காட்டுக்குள் இலக்காகிவிடும் என்பதால் பச்சையும் கறுப்பும் மட்டுமான மங்கல் சின்னங்கள் வந்தன. 2000களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் படை புதிய சீருடைக்கு மாறியபோது பின்பக்கம் வெல்க்ரோ வந்தது. பின்னர் வேறு பல படைகளும் அந்த வழிக்கு மாறின.

நூலின் பொருளும் காலம் சொல்லும். நைலோனை டியூபோன்ட் நிறுவனம் 1938இல் அறிவித்தது. பொலியெஸ்டர் இழை பிரித்தானியாவில் 1941இல் கண்டுபிடிக்கப்பட்டு, துணியாகச் சந்தைக்கு வந்தது 1950களில். ஆகவே பொலியெஸ்டர் நூலால் தைத்த சின்னம் ஒன்று இரண்டாம் உலகப் போருக்குரியதாக இருக்க முடியாது. ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை மட்டும் எடுத்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி கடதாசிபோல் எரிந்து சாம்பலாகும். கம்பளி தலைமயிர் கருகும் மணம் தரும். நைலோனும் பொலியெஸ்டரும் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். இது உங்கள் வீட்டுச் சொத்தான சின்னத்துக்கு மட்டும் செய்யக்கூடியது. மண்ணிலிருந்து வந்த எதற்கும் வேண்டாம். காரணம் கீழே வருகிறது.

இன்னொரு சோதனை கழியூதா வெளிச்சம். வங்கியில் நாணயத்தாளைப் பார்க்கும் அந்த ஊதா ரோச் லைட்தான். துணியை வெள்ளையாகக் காட்டும் ஒளிர்பொருட்கள் சலவைத்தூளிலும் நூலிலும் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. எனவே இருட்டில் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும்போது நூல் நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் பிந்திய காலத்தது என்பார்கள். சேகரிப்பாளர்கள் பலர் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். நான் அவ்வளவு நம்பமாட்டேன். 1943இல் தைத்த சின்னத்தை அவருடைய மனைவி 1965இல் சலவைத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் அதுவும் பளிச்சிடும். இன்று ஒளிர்பொருள் சேர்க்காத பருத்தி நூலில் தைத்த போலி பளிச்சிடாது. அந்த வெளிச்சம் ஒரு சந்தேகத்தை எழுப்ப உதவும், அவ்வளவுதான்.

போலிகளைப் பழசாக்கும் வழிகளும் சுவாரசியமானவை. தேநீரில் ஊறவைப்பது அதில் முதன்மையானது. எங்கள் தேயிலைக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது. தேநீரில் ஊறியது எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கும். உண்மையில் வெயிலில் மங்கிய சின்னத்தில் முன்பக்கம் வெளிறி, பின்பக்கமும் மடிப்புகளும் பழைய நிறத்துடன் இருக்கும். சட்டையில் தைத்திருந்தால் ஓரம் முழுவதும் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். ஒருபோதும் அணியப்படாத சின்னத்தில் அந்தத் துளைகள் இரா. அணியாதது போலி என்று பொருளல்ல. களஞ்சியத்தில் கிடந்ததாகவும் இருக்கலாம். வியட்நாம் போர்க்காலத்தில் சைகோன் தையற்காரர்கள் கையால் செய்தவைதான் அதிகம் போலி செய்யப்படுபவை. முதலே சீரில்லாமல் செய்த பொருளைப் போலி செய்வது சுலபம்.

அசல் சின்னம், இல்லாத படை

எல்லாச் சோதனையிலும் வென்ற ஒரு சின்னமும் பொய் சொல்லக்கூடும். 1944இல் நோர்மண்டியில் இறங்கும் திட்டத்தை மறைப்பதற்காக, கலே துறையில்தான் இறங்கப்போகிறோம் என்று ஜெர்மனியரை நம்பவைக்க நேச நாடுகள் ஒரு முழுப் படையையே கற்பனையாக உருவாக்கின. தளபதி பற்றன் அதன் தலைவராகக் காட்டப்பட்டார். காற்றடைத்த றப்பர் தாங்கிகள், போலி வானொலிச் செய்திகள் இவற்றோடு, இல்லாத படைப்பிரிவுகளுக்குத் தோள் சின்னங்களும் வடிவமைக்கப்பட்டன. நூல் 1944ஆம் ஆண்டினது, துணி 1944ஆம் ஆண்டினது, எல்லாம் அசல். அந்தப் பிரிவில் ஒரு சிப்பாய்கூட இருந்ததில்லை.

இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. படம் ஓர் உரிமைகோரலைச் சொல்கிறது. நூல் காலத்தைச் சொல்கிறது. இந்த இரண்டும் சேர்ந்தாலும், அந்தச் சின்னம் ஓர் இடத்தில் ஒரு நாளில் ஓர் ஆளின் தோளில் இருந்தது என்று நிரூபணமாகாது. அதைச் சொல்லக்கூடியது அது கிடைத்த இடம், கிடைத்த ஆழம், கூட இருந்த பொருட்கள். எங்கள் மண்ணைப் பொறுத்தவரை இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. அதுவே மிக எளிதில் அழிந்துபோவதும்.

மண்ணுக்குள் எது தங்கும்

பருத்தி ஈரமண்ணில் சில ஆண்டுகளிலேயே உக்கிவிடும். பொலியெஸ்டரும் நைலோனும் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதனால் அகழ்வுகளில் சட்டை இல்லாமல் சட்டையின் தையல் கோடு மட்டும் கிடைப்பதுண்டு. துணி போய், அதைத் தைத்த செயற்கை நூல் தன் வடிவத்தோடு எஞ்சிநிற்கும். பருத்தித் துணியில் பொலியெஸ்டர் நூலால் தைத்த சின்னமாயின், பின்னணி கரைந்து படம் மட்டும் வலைபோல் மண்ணில் ஒட்டியிருக்கலாம். கையால் இழுத்தால் அது ஒரு நூல் உருண்டையாகிவிடும். ஆயிரம் ரூபா நாணயத்தாளைச் சலவை செய்து பார்த்தவர்களுக்கு அதன் நிலை புரியும். இது அதைவிட மெல்லியது.

2023 யூன் 29ஆம் திகதி முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. நீதவானின் உத்தரவின்பேரில் அந்த ஆண்டு செப்ரெம்பரில் தொடங்கிய அகழ்வு 2024 யூலையில் முடிந்தபோது 52 பேரின் எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டிருந்தன. விடுதலைப் புலிகளின் சீருடைத் துணிகள், பெண்களின் உள்ளாடைகள், இலக்கத் தகடுகள் என்பனவும் எச்சங்களோடு கிடைத்தன. அகழ்வில் பங்கேற்ற தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவவின் இடைக்கால அறிக்கை, இந்த உடல்கள் 1994இற்கும் 1996இற்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்றது. இவ்வளவு குறுகிய ஒரு காலவரம்பு எலும்பிலிருந்து மட்டும் கிடைப்பதில்லை. கரிமக் காலக்கணிப்பில் என்ன நடக்கலாம் என்பதை மன்னார் சதொச வளவில் கண்டோம். அங்கு அமெரிக்க ஆய்வுகூடம் 2019 மார்ச்சில் தந்த அறிக்கை 1404 முதல் 1635 வரையான ஒரு காலத்தைச் சொன்னது. இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அகலம். அந்த முடிவு இன்றுவரை குடும்பங்களால் ஏற்கப்படவில்லை.

இலக்கத் தகடு ஒன்றைப் பற்றியும் இதைச் சொல்லவேண்டும். தகட்டில் இருப்பது பெயர் அல்ல, ஓர் இலக்கம். அது எந்த எலும்புக்கூட்டின் கழுத்தில் அல்லது இடுப்பில் இருந்தது என்ற பதிவு இருக்கும் வரைதான் அதனால் ஒரு தாய்க்கு விடை கிடைக்கக்கூடும். யாரோ முதலில் பொறுக்கியெடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டால் அது வெறும் தகரத் துண்டு.

இதே வேலை மற்ற நாடுகளில் எப்படி நடந்தது என்பதற்கு பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிகா நல்ல எடுத்துக்காட்டு. 1995 யூலையில் அங்கு 8,000இற்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பின்னர் கொலையாளிகள் இயந்திரங்களால் புதைகுழிகளைத் தோண்டி, உடல்களை வேறு இடங்களுக்கு மாற்றிப் புதைத்தார்கள். எந்த முதற்குழியிலிருந்து எந்த இரண்டாம் குழிக்குப் போனது என்பதை விசாரணையாளர்கள் கண்டறிந்த வழிகளுள் ஒன்று துணி. கண்ணைக் கட்டிய துண்டுகள் இரண்டு இடங்களிலும் ஒரே துணியாக இருந்தன. இன்னொரு வழி கைக்கடிகாரம். சிலர் கட்டியிருந்த சேய்கோ தானியங்கிக் கடிகாரங்கள் கையின் அசைவால் ஓடுபவை. கை அசையாமல் போனால் ஒன்றிரண்டு நாளில் நின்றுவிடும். முகப்பில் கிழமையும் திகதியும் இருந்தன. யூலை மாதத்தின் அந்த நாட்கள் அங்கே நின்றுபோயிருந்தன.

ஆனால், அங்கும் உடையை மட்டும் வைத்து ஆளை அடையாளங் காண்பது போதவில்லை. மீட்கப்பட்ட உடைகளின் ஒளிப்படங்களை ஏடாகத் தொகுத்துக் குடும்பங்களுக்குக் காட்டினார்கள். முற்றுகைக்குள் இருந்தவர்கள் உதவியாக வந்த உடைகளை மாறி மாறி அணிந்திருந்தார்கள். ஒரே சட்டை பலரிடம் இருந்தது. 2001 முதல் மரபணுச் சோதனை முன்னிலைக்கு வந்த பிறகுதான் பெயர்கள் உறுதியாகின. முகாமிலும் இடப்பெயர்விலும் நிவாரண உடுப்பில் வாழ்ந்த எங்களுக்கு இது புதிய விடயம் அல்ல. 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி செம்மணி சித்துப்பாத்தியில் மீட்கப்பட்ட உடைகளும் பொருட்களும் நீதிமன்ற உத்தரவுடன் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது வந்தவர்கள், ஒரு துணியைத் தெரியும் என்று சொல்லவும் பயந்தார்கள், தெரியாது என்று திரும்பவும் மனமில்லாமல் நின்றார்கள். உடை ஒரு குடும்பத்தை மரபணுச் சோதனை வரை கொண்டுவரும் வழி. அதற்கு மேல் அதனிடம் கேட்கக்கூடாது.

கையில் கிடைத்தால்

மண்ணுக்குள் இருந்து வந்தால் தொடாமல் விடுவதே சரி. சின்னம் இருக்கும் இடத்தில் வெடிக்காத பொருட்களும் இருக்கலாம். அதைவிட, எலும்பு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது அங்கே கிடக்கும் நிலைதான் சாட்சியம். கழுவ வேண்டாம், இழுக்க வேண்டாம். தூரத்தில் நின்று, பின்னால் ஒரு மரமோ மதிலோ தெரியும்படி படம் எடுங்கள். கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் சொல்வதோடு, ஒரு சட்டத்தரணியூடாக நீதவானின் கவனத்துக்குக் கொண்டுவருவது நல்லது. காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்திலும் பதியலாம். அந்த அலுவலகம் மீது பல குடும்பங்களுக்கு நம்பிக்கை இல்லை என்பது தெரிந்ததே. ஆனாலும் திகதியிட்ட ஒரு முறைப்பாட்டின் பிரதி கையில் இருப்பது பின்னால் உதவும்.

வீட்டுக்குள் இருக்கும் சின்னங்களின் நிலை வேறு. புலிகளின் சின்னத்தைக் காட்சிப்படுத்தியதற்காகவும் பகிர்ந்ததற்காகவும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்துள்ளன. ஆகவே அப்படியொன்று இருந்தால் முகநூலில் போட்டு 'இது எந்தப் படையணி' என்று கேட்பது புத்தியல்ல. முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பயத்தில் எரித்த குடும்பங்களும் கிணற்றில் போட்ட குடும்பங்களும் எத்தனையோ. அவர்களில் யாரையும் குறை சொல்லமுடியாது.

பாட்டனார் பிரித்தானியர் காலத்துப் படையிலிருந்து கொண்டுவந்ததுபோன்ற பழைய சின்னமாயின் பொலித்தீன் பைக்குள் வைக்கவேண்டாம். எங்கள் ஈரக்காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிக் கடதாசி உறைக்குள் வையுங்கள். சட்டையில் தைத்திருந்தால் பிரிக்க வேண்டாம். சட்டையோடு இருக்கும் சின்னம் தனிச்சின்னத்தைவிட அதிகம் சொல்லும். முன்னும் பின்னும் படமெடுங்கள், பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்து. உறையின் மேல் யாருடையது, யார் தந்தது, எந்த ஊரில் எந்த ஆண்டு என்று எழுதுங்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஊகமாயின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பேனையால் எழுத வேண்டாம், ஈரம் பட்டால் மை துணிக்குள் இறங்கும். பென்சில் போதும்.